கார்டுல 55 வயசு, மகனுக்கு 48

90ஸ் கிட்ஸா, 2கே கிட்ஸான்னு இங்க வாரம் ஒரு சண்டை ஓடுது. எங்க ஓபியில தலைமுறை பிரிக்கிற கணக்கே வேற மக்களே. கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

வயசு தெரியலன்னு சொல்ற பெரியவங்க வந்தா நான் முதல்ல கையைப் பார்ப்பேன். அம்மை குத்துன வட்டத் தழும்பு இருக்கா? 1977ல் இந்தியாவுல பெரியம்மை ஒழிஞ்சது உறுதியாச்சு, அப்புறம் அந்தக் குத்தும் நின்னுபோச்சு. அதனால தழும்பு இருந்தா அநேகமா எண்பதுகளுக்கு முன்னாடி பொறந்தவங்க. என் செட்டுக்கு இடது தோள்ல பிசிஜி தழும்பு மட்டும்தான்.

சிலர் தமிழ் வருஷம் சொல்வாங்க. குரோதின்னா 1964 ஏப்ரல்ல இருந்து 1965 ஏப்ரல் வரை. அதே பேர் 2024ல் திரும்ப வந்துச்சு, அப்ப அவங்களுக்கு 60 முடிஞ்சுது. கால்குலேட்டரே வேணாம்!

கார்டு இருக்கே, அதைப் பார்த்துக் கழிச்சா போதாதான்னு கேப்பீங்க. எங்க வார்டுல ஜனவரி 1ஆம் தேதி பொறந்தவங்கள மட்டும் எழுந்திரிக்கச் சொன்னா பாதிக் கட்டில் காலியாகும். வீட்டுல பிரசவம், பள்ளிக்கூடம் போகல, பிறப்புச் சான்று கிடையாது. கார்டு எடுக்குறப்போ குத்துமதிப்பா ஒரு வயசு சொல்லியிருப்பாங்க, அது வருஷமா மாறி ஜனவரி 1ஓட நின்னுரும்.

போன வருஷம், 2025ல், ஒரு ஆத்தா வந்தாங்க (அடையாளம் மாத்தியிருக்கேன்). ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை ஊர். கார்டுல 01.01.1970. அதாவது 55 வயசு. ஆளைப் பார்த்தா அப்படித் தெரியல.

"ஆத்தா, தனுஷ்கோடி புயல் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன தாயி? தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுனேன்ல!"

அந்தப் புயல் 1964 டிசம்பர். கார்டுப்படி ஆத்தா பொறக்க இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஓடணும்னா எட்டு, ஒம்பது வயசாவது இருக்கணும். மூத்த மகன் எம்ஜிஆர் முதலமைச்சர் ஆன வருஷம் பொறந்தாராம். அது 1977. அவரோட டிசியிலயும் அதே வருஷம்தான். கார்டை நம்புனா ஆத்தா ஏழு வயசுல பிள்ளை பெத்திருக்காங்க. நிஜ வயசு 70 கிட்ட.

பதினஞ்சு வருஷத்துல என்ன ஆகிடப் போகுதுன்னு தோணலாம். ஆத்தாவுக்கு சர்க்கரை. கிரியேட்டினின் 1.3. கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு சொல்ற ஈஜிஎஃப்ஆர் கணக்குல வயசையும் போடணும். 55ன்னு போட்டா 48, 49 வருது. 70ன்னு போட்டா 44. மெட்ஃபார்மின் டோஸைக் குறைக்க யோசிக்க வேண்டிய கோடு 45. கேஸ் ஷீட்ல "கார்டுப்படி 55, மதிப்பீடு சுமார் 70"ன்னு எழுதி, டோஸைக் குறைச்சேன்.

எக்ஸ்ரே எடுத்து வயசு சொல்லுங்கன்னு மகன் கேட்டார். அது சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் உதவும். இருபதுகளின் கடைசிக்குள்ள காறை எலும்பு நுனியும் ஒட்டிரும். அப்புறம் எலும்பைப் பார்த்து 55ஆ 70ஆன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. கார்டுல தேதியை மாத்த ஆவணம் வேணும். ஆத்தாகிட்ட இருக்குற ஆவணம் புயலும் தம்பியும்தான்.

முதியோர் பென்ஷனுக்கு 60 ஆகணும். அதனால கார்டு கணக்குல 2030 வரை காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர் தவறி பதினோரு வருஷம் ஆச்சாம். ஆதரவற்ற விதவை பென்ஷனுக்கு 60 ஆகணும்னு இல்ல, அதை யாருமே சொல்லலயாம். தாலுகா ஆபீஸ்ல எந்த மனு கேக்கணும்னு சீட்டுல எழுதி மகன்கிட்ட கொடுத்தேன்.

"தம்பிக்கு என்ன வயசு ஆத்தா?"

"அவனுக்கு கார்டுல 63ன்னு வருசம் போட்டுருக்கு. ரெண்டு வருசமா பென்ஷன் வாங்குறான் தாயி."