வேலியோரப் புற்று

அக்டோபர் 5, ஞாயிறு
ஏரியூரில் நல்ல மழை. பொழுது சாய, வேலியோரப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. பிள்ளைகள் வறுத்துத் தின்ன அள்ளினார்கள். தப்பியவை இறகை உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணுமாக ஈர மண்ணுக்குள் நுழைந்தன. ஆளுயரப் புற்றும் இப்படி ஒரு சோடியில் தொடங்கியதுதான்.

அக்டோபர் 6, திங்கள்
ஆடு ஏறி மிதித்ததில் புற்றின் விலா ஒன்று பெயர்ந்து உள்ளே வளை தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பெருந்தலைச் சிப்பாய்கள் ஓட்டை வாயில் வந்து நின்றன. பிறகு வேலைக்காரக் கறையான்கள் ஈர மண் உருண்டையைக் கவ்வி வந்து, எச்சிலோடு விளிம்பில் ஒட்டிவிட்டுத் திரும்பின. அவற்றுக்குக் கண் கிடையாது. மேஸ்திரியும் கிடையாது. ராணி அடியில் தன் அறையில் முட்டையிட்டுக் கிடக்கிறது. இங்கே வை, அங்கே வை என்று அது சொல்வதில்லை. ஒன்று வைத்துப்போன மண்தான் அடுத்ததை அங்கே வைக்கத் தூண்டுகிறது. மண் சேரச் சேரத் தூண் எழும்புகிறது. பக்கத்துத் தூண்கள் வளைந்து கூடினால் கூரை. பிரெஞ்சு அறிஞர் பியர்-பால் கிராஸே 1959-ல் தந்த விளக்கம் இது. கட்டடமே கட்டுகிறவனுக்கு அடுத்த வேலையைச் சொல்கிறது! நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை.

அக்டோபர் 7
ஓட்டை அடைபட்டுவிட்டது. ஈரக் கறை மட்டும்.

அக்டோபர் 9, வியாழன்
நல்ல வெயில். புற்று விலா விலாவாக நிற்பதற்குக் காரணம் உண்டு. பெங்களூரில் இவ்வகைப் புற்றுகளுக்குள் காற்றோட்டத்தை அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். பகலில் விலாக்கள் சீக்கிரம் சூடேறுவதால் காற்று அவற்றின் வழியே ஏறி நடுக்குழாயில் இறங்குகிறது. இரவில் போக்கு தலைகீழ். கறையானும், அது உள்ளே வளர்க்கும் காளானும் விடும் மூச்சு இப்படித்தான் வெளியேறுகிறது. அந்தக் காளான்தான் சருகையும் மரத்தூளையும் கறையானுக்குச் சோறாக்கித் தருகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு
பக்கத்துக் கொல்லைக்கார அண்ணன் வந்தார்.

"பெட்ரோல் ஊத்திக் கொளுத்திடலாமா தம்பி?"

"வேணாங்கண்ணா. கடலைச் செடிகிட்ட வந்தா அங்க பார்த்துக்கலாம். இது வேலியோரம்தானே."

கடலையில் கறையான் நட்டம் செய்வது மெய். அவர் கோபம் நியாயம். ஆனால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சோதித்தபோது, சுற்றியுள்ள மண்ணைவிடப் புற்று மண் பத்து மடங்கு வலுவாக இருந்தது என்று சொன்னேன். கையால் தட்டிப் பார்த்தார். வேலியோரத்தை விட்டு உழுவதாகச் சொல்லியிருக்கிறார்.