பதில் தெரியும்... 'ஏன்' தெரியுமா? முத்துநகரில் ஒரு வினாடி வினாப் பயணம்!

"மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் எத்தனை தீவுகள்?"

"21!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

புவியியல் வினாடி வினாவுக்கு என் மகளும் அவள் தோழிகள் இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். பதில்கள் எல்லாம் மனப்பாடம். 'ஏன்?' என்று கேட்டால்தான் விழித்தார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்லஸும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிட்டோம்.

முதலில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாலமி எழுதிய 'கொல்கோய்' இதுதான். ஆனால், சுற்றிலும் வயலும் வாழையும்தான்.

"கடலையே காணோமே அம்மா!"

தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கடல் விலகிப்போனது. துறைமுகம் காயலுக்கு மாறியது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் அதுதான். அதுவும் மேடாகிப்போக, தூத்துக்குடி தலையெடுத்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இங்கேதான்.

துறைமுகச் சாலையில் அட்லஸை விரித்தோம். இங்கிருந்து சென்னைக்குப் பெரிய கப்பல் எப்படிப் போகும்? ராமர் பாலம் பக்கம் ஆழம் குறைவு. இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட்டும் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்துதான் போகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து என்றால் நேராகத் தெற்கே போகலாம். அதனால்தான் 2024 பிப்ரவரியில் அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒரே தீவு, இரண்டு கேள்விகளுக்கு விடை!

மாலையில் திரேஸ்புரம். படகோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள் பிள்ளைகள்.

"தாத்தா, நீங்க முத்துக் குளிச்சிருக்கீங்களா?"

"எங்கப்பா குளிச்சாரும்மா. 61ல நடந்ததுதான் கடைசி. நான் சங்கு குளிச்சவன்" என்றவர், அட்லஸை வாங்கிப் பார்த்தார். "இந்தத் தீவுல ரெண்டு இப்ப இல்ல, தெரியுமா?"

விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் கரைந்துகொண்டேதான் வந்தது. அதைக் காப்பாற்ற, கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. "அப்போ போட்டியில 21ன்னு சொல்றதா, 19ன்னு சொல்றதா?"

"1986இல் பூங்காவாக அறிவித்தபோது 21. அதையே சொல்லுங்கள். மிச்சக் கதையும் ஞாபகத்தில் இருக்கட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அட்லஸில் இரண்டு இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டாள். "அம்மா, நான் பெரியவளாகும்போது இதே கேள்விக்கு என்ன பதில் இருக்கும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடைத்தாள் இல்லை.

உங்கள் வீட்டிலும் வினாடி வினாவுக்குத் தயாராகிறார்களா? நூறு கேள்வி கேட்டு முடித்ததும், ஒருநாள் பக்கத்து ஆற்றுக்கோ, கடற்கரைக்கோ கூட்டிப் போங்கள். அட்லஸை மறக்காதீர்கள். பென்சிலையும்தான்!