கூப்பிடு தூரம்

நம் மாவட்டத்துக்குத் தொழிற்சாலையே வரவில்லை என்று சொல்ல முடியாது. செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை இருக்கிறது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களைச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பார்க்கலாம். அந்த மாதிரி ஆலைக்கு நிலம், சாலை, மின்சாரம், ஆட்கள் இருந்தால் போதும். ராக்கெட் செய்கிறோம், புது மருந்து கண்டுபிடிக்கிறோம் என்று கிளம்பும் சின்னக் கம்பெனிகள் மட்டும் ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை?

அக்னிகுல் என்ற கம்பெனி 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த என்ஜின். 2017-இல் அதைத் தொடங்கிய ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் போய் நின்ற இடம் சென்னை ஐ.ஐ.டி. எரிபொருள் எப்படி எரிகிறது என்று ஆராய அங்கே தனி மையமே உண்டு. அங்கிருந்த பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி இவர்களோடு சேர்ந்துகொண்டார். அப்படி ஓர் ஆய்வுக்கூடத்தை எந்த இளைஞன் சொந்தக் காசில் கட்ட முடியும்? பிறகு என்ஜின் செய்யும் கூடத்தையும் ஐ.ஐ.டி.யை ஒட்டித் தரமணியில் 2010-இல் வந்த ஆராய்ச்சிப் பூங்காவிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஏதர் ஸ்கூட்டரும் அங்கே படித்த இருவர் 2013-இல் தொடங்கியதுதான். ஆனால் அவர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள், ஆலை ஓசூரில். நாற்றங்கால் ஒரு இடம், நடவு வேறு வயல்.

என் தங்கையின் பேரனும் நண்பர்களோடு சென்னையில் ஏதோ தண்ணீர் பரிசோதிக்கும் கருவி செய்கிறான். அறை வாடகையைக் கேட்டுத் தங்கைக்குத் தூக்கம் போயிற்று. "நம்ம மாடி சும்மாத்தானே கெடக்கு, நீங்க சொன்னா கேப்பாண்ணே" என்றாள். நான் சொல்லவில்லை. ஆபீஸில் பார்த்திருக்கிறேனே! தபாலில் மூன்று மாதம் அலையும் சந்தேகம், பக்கத்து மேசைக்கு எழுந்து போனால் மூன்று நிமிஷத்தில் தீரும். அவனுக்கு அந்தப் பக்கத்து மேசை அங்கேதான் இருக்கிறது. மாடி காலியாகவே கிடக்கட்டும்.

பிரான்சில் பியேர் லஃபித் என்பவர் 1960-இல் லெ மோந்த் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பாரிஸின் படிப்பாளிகள் பேட்டையை வயல்வெளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. 1969-இல் நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் காட்டு நிலத்தில் சோஃபியா அந்திபோலிஸ் பிறந்தது. முதலில் வந்தவை பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் கிளைகள். ஆய்வுக்கூடங்களும் ஆராய்ச்சி மாணவர்களும் வந்து சேர்ந்த பிறகுதான் உள்ளூரிலேயே சிறு கம்பெனிகள் முளைக்கத் தொடங்கின.

நமக்கும் ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பட்டம் கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரிய வேண்டும். பழைய மாணவன் வந்தால் ஒரு கருவியைத் தொட விட வேண்டும். சிப்காட்டுக்கு நிலம் எடுத்ததைவிட இதற்குச் செலவு குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.