ஆடுவான், ஆடிக்கொண்டிருக்கிறான்

மாதேஸ்வரன் மலை 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது; இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பாலாறு வழியே இறங்கினால் மேட்டூர். கன்னடம், தமிழ், சோலிகர் மொழி மூன்றும் புழங்கும் அந்த எல்லைப்புறத்தில் ஆங்கிலத் தொடர் நிகழ்காலத்தைக் கற்பிக்க மைதானமே எளிய வழி. ஒருவன் ஓடும்போதே 'ஹி இஸ் ரன்னிங்' என்று காட்டிவிடலாம்.

சிக்கல் பொழுதுபோக்கில் தொடங்குகிறது. பொழுதுபோக்கு என்பது பழக்கம். அதற்கு 'ஐ ப்ளே கபடி' என்பதே சரி. இரண்டையும் ஒரே பாடத்தில் கலந்தால், குழந்தை 'ஐ ஆம் ப்ளேயிங் கபடி எவ்ரி டே' என்று எழுதும். சிவப்பு மை உடனே பாயும்.

வேறுபாடோ குழந்தையின் வாயிலேயே இருக்கிறது. கன்னடத்தில் 'ஆடுத்தானெ' பழக்கம், 'ஆடுத்தித்தானெ' இப்போது நிகழ்வது. தமிழ்ப் பேச்சிலும் 'தினமும் ஆடுவான்', 'இப்ப ஆடிக்கிட்டிருக்கான்' என்றே வழங்குகிறது. பள்ளி இலக்கணம் 'ஆடுவான்' என்பதற்கு எதிர்காலம் என்று மட்டும் பெயரிட்டு, 'ப்ளேஸ்' என்பதற்கு 'ஆடுகிறான்' என்று பொருள் எழுதித் தருகிறது. 'ஆடுகிறான்' பழக்கத்துக்கும் பொருந்தும், நிகழ்வுக்கும் பொருந்தும். குழப்பத்தின் ஒரு வேர் அந்த மொழிபெயர்ப்பில் உள்ளது. குழந்தையின் அறிவில் குறையில்லை.

விளையாட்டை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கிரிக்கெட் வர்ணனையாளர் கண்முன் நடப்பதையே 'ஹி ஹிட்ஸ்' என்பார். நொடியில் முடியும் செயலுக்குத் தொடர் வடிவம் ஒவ்வாது. பந்தை அடித்தவன் ஓடத் தொடங்கிய பிறகே 'இஸ் ரன்னிங்'.