பைக்குள் ஒரு யானை

பேக்கரியில் பப்ஸ் வாங்கினால் காக்கி நிறத்தில் ஒரு பேப்பர் கவரில் போட்டுத் தருகிறார்கள் அல்லவா? 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, பல கடைகளில் இந்தக் கவர் மறுபடி தலைகாட்டியது. வீட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடம் அது குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

கொஞ்சம் பொறுங்கள். கறை படாத கவர் ஒன்றைத் தரையில் படுக்க வையுங்கள். அதன் அடிப்பாகம் பட்டையாக மடிந்து மேலே படிந்திருக்கும். கையை உள்ளே விட்டு, நாலு விரலை அந்த மடிப்புக்குள் நுழைத்து, கட்டைவிரலைக் கீழே வைத்து அசைத்தால்... கவர் வாயைத் திறந்து மூடும்! அவ்வளவுதான் வித்தை. மடிப்பின் மேல் ரெண்டு கண் வரைந்து காதைத் தொங்கவிட்டால் நாய். காதை நிமிர்த்தினால் முயல்.

இந்த வாய்க்கு ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். மார்கரெட் நைட் என்ற அமெரிக்கப் பெண்மணி. பேப்பர் பை கம்பெனியில் வேலை பார்த்தவர். தட்டையான அடிப்பாகம் உள்ள பையை மடித்து ஒட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதைப் பார்த்துவிட்டுப் போன ஓர் ஆள் தன் கண்டுபிடிப்பு என்று உரிமை கேட்க, வழக்குப் போட்டு ஜெயித்து, 1871-ல் காப்புரிமை வாங்கினார். தான் மடித்த இடத்தில் குழந்தைகள் நாயையும் முயலையும் பேச வைப்பார்கள் என்று அவர் நினைத்திருப்பாரா, தெரியாது.

2024 மே மாத விடுமுறையில் காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருந்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த ஊர். சித்தப்பா மகன் வீட்டில் இரண்டு வாண்டுகள். பையனுக்கு ஏழு, பெண்ணுக்கு ஐந்து. டி.வி.யிலிருந்து அவர்களைப் பிரிக்க நான் கவரைக் கையில் எடுத்தேன்.

"என்ன செய்யலாம்? நாயா, பூனையா?"

"அரிக்கொம்பன்!" என்றான் பையன்.

அந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பெயர் தெரியாத குழந்தை கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற காட்டு யானை. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. 2023 ஏப்ரல் கடைசியில் கேரள வனத்துறை அதைப் பிடித்து பெரியாறு காட்டில் விட்டது. மே 27 அன்று கம்பம் நகரத் தெருவிலேயே வந்து நின்றது. 144 தடை உத்தரவு போட்டார்கள். காயம்பட்ட ஒருவர் இறந்துபோனார். அப்புறம் அது ராயப்பன்பட்டி சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றியது. ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

சின்னவள் சுவரோரம் ஒதுங்கிவிட்டாள். "வேணாம் பெரியப்பா. அது மனுசன முட்டிரும்."

வேலை நடந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிக் காது. கத்தரிக்கோல் மட்டும் என் கையில். செய்தித்தாளை விசிறி மாதிரி மடித்துத் தும்பிக்கை. நோட்டுத் தாளைச் சுருட்டித் தந்தம். பசை தீர்ந்திருந்ததால் சித்தி ஒரு பிடி சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். பருக்கையை நசுக்கி ஒட்டினோம். "அரிசி யானய அரிசியாலயே ஒட்டியாச்சு!" என்று பையன் குதித்தான்.

முதலில் அவன்தான் மாட்டிக்கொண்டான். பிளிறினான், முட்டினான், வீட்டை ரெண்டாக்கினான். அலுத்ததும் கீழே போட்டான். சின்னவள் மெல்ல வந்து காதைத் தொட்டாள். பிறகு தும்பிக்கையை. கடைசியில் கையை உள்ளே விட்டாள்.

அண்ணன் இப்போது வனத்துறை அதிகாரி. கையில் துடைப்பக்குச்சித் துப்பாக்கி. "ஏய், எங்க ஊருக்கு எதுக்கு வந்த?"

யானை வாயைத் திறந்தது. மூடியது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது.

"வழி தெரியல."

அதிகாரிக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சித்தி, "வாஸ்தவந்தான். அதப் பாட்டுக்குக் கெடந்தத தூக்கியாந்து விட்டா, அது எங்கிட்டுப் போகும்?" என்றார்.

பயப்படாதே என்று பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொல்கிறோம். சொன்னால் பயம் போகிறதா? யானைக்குள் தன் கையே இருந்ததும், அவளுக்கு யானையின் கஷ்டம் புரிந்துவிட்டது. பெரியவர்கள் எங்கள் பேச்சில் அது வெறும் 'அட்டகாசம்'தான்.

ரெண்டாவது நாளே தும்பிக்கை பிய்ந்தது. ஒட்டித் தரச் சொல்வாள் என்று பார்த்தால், இன்னொரு கவரை நீட்டினாள்.

"இதுக்கு ஒரு கூட்டாளி செஞ்சு குடுங்க பெரியப்பா. ஒத்தயில போனா மறுபடி வழி தெரியாமப் போயிரும்."