அழைக்கப்படாத பெயர்

பட்டியலில் தன் பெயரைத் தேடி ஏமாந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். எஸ்.டி.பி.எம். முடித்த ஆண்டில் எனக்கும் அது நேர்ந்தது. மருத்துவம் கேட்டேன், உயிர்வேதியியல் கிடைத்தது. 'நீ தகுதியற்றவள்' என்று யாரும் சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லாததுதான் வலித்தது.

அந்த விடுமுறையில் ஒருநாள், அண்ணன் பழைய பனி ஹாக்கி ஆட்டம் ஒன்றின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்கும் எனக்கும் உள்ள உறவு, சன்வே பிரமிட் சறுக்குத் திடலில் கம்பியை விடாமல் பிடித்தபடி நின்ற அரை மணி நேரம் மட்டுமே. வேறு வேலை இல்லாததால் நானும் உட்கார்ந்தேன்.

அது 2011 ஜனவரி 5-ஆம் நாள் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த, 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியின் இறுதியாட்டம். ஆட்டத்திற்கு மூன்று பகுதிகள். பகுதிக்கு இருபது நிமிடம். இரண்டு பகுதிகள் முடிந்தபோது கனடா 3-0 என முன்னணியில் இருந்தது. மூன்றாம் பகுதியில் அர்த்தேமி பனாரின் என்ற 19 வயது ரஷ்ய இளைஞர் ஒரு கோல் போட்டார். பதின்மூன்றே வினாடிகளில் இன்னொரு கோல். பின்பு தாராசென்கோ சமன் செய்தார். மீண்டும் பனாரின்! இறுதியில் ரஷ்யா 5-3 என வென்றது.

"இவரை எந்தப் பெரிய குழு எடுத்தது?" என்று கேட்டேன். "யாரும் எடுக்கவில்லை" என்றார் அண்ணன்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' நடக்கும். குழுக்கள் முறை வைத்து ஏழு சுற்றுகளில் இளம் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கும். 2010-இல் இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் அழைக்கப்பட்டன. பனாரின் பெயர் இல்லை. பஃபலோ வெற்றிக்குப் பிறகு வந்த 2011 பட்டியலிலும் இல்லை. ஒருநாளும் அந்தப் பெயர் அழைக்கப்படவே இல்லை.

அதன் பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். யூரல் மலைப் பகுதியில், செல்யாபின்ஸ்க் அருகே உள்ள கோர்கினோ என்ற நிலக்கரிச் சுரங்க நகரில் 1991-இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட, தாத்தா பாட்டி வளர்த்தார்கள். திடலுக்கு அழைத்துச் சென்றவர் தாத்தாதான். 2008-09 பருவத்தில் மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரின் வித்யாஸ் குழுவில் தொழில்முறை ஆட்டக்காரரானார். அவ்வூரின் பெயர் செக்கோவ்! லோபாஸ்னியா என்ற பழைய பெயரை மாற்றி, 1954-இல் எழுத்தாளர் செக்கோவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். தமிழில் அவர் கதைகளைப் படித்து வளர்ந்த எனக்கு, அந்த வரியில் கண் நின்றுவிட்டது.

ஆனால் வித்யாஸ் மென்மைக்குப் பெயர் பெற்ற குழு அன்று. சண்டைக்குப் பெயர் போனது. 2010 ஜனவரியில் ஓம்ஸ்க் நகரக் குழுவோடு மூண்ட கைகலப்பில், முதல் பகுதியிலேயே ஆட்டம் கைவிடப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டுதான் அந்த இளைஞர் பந்து கடத்தும் கலையை, இல்லை, ரப்பர் வட்டைக் கடத்தும் கலையைக் கற்றார். 2013-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஸ்கா குழுவுக்குச் சென்றார். 2015-இல் அக்குழு அரையிறுதியில் 0-3 எனப் பின்தங்கிய பிறகு நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, ககாரின் கிண்ணத்தையும் கைப்பற்றியது.

அதே ஆண்டில்தான் சிகாகோ குழு அவரை ஒப்பந்தம் செய்தது. முதல் பருவத்தில் 30 கோல்கள், 47 கோல் உதவிகள். 2016-இல் சிறந்த புதுமுகத்திற்கான கால்டர் விருது அவருக்கே கிடைத்தது.

'பார்த்தாயா, பட்டியல் போட்டவர்கள் முட்டாள்கள்!' என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் மகிழ்ந்தேன். ஆனால் அது முழு உண்மையன்று. 2015 டிராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்ட மெக்டேவிட், காயத்தால் அப்பருவத்தில் 45 ஆட்டங்களே ஆடினார். பனாரினுக்கோ அப்போது வயது 24. ஏழு பருவங்கள் பெரியவர்களோடு மோதிய அனுபவம் இருந்தது. 2010-இல் பார்த்தவர்கள் கண்ட இளைஞரும் 2015-இல் சிகாகோ கண்ட இளைஞரும் ஒருவர் அல்லர். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் அவரை மாற்றியிருந்தன.

இந்த எண்ணம் எனக்குக் கசந்தது. என் பெயர் இல்லாத அந்தப் பட்டியல் சரியாகவே கூட இருந்திருக்கலாம். ஆனால் அது அந்த ஒருநாளின் கணக்கு மட்டுமே. மறுநாளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

முதலாண்டு முழுவதும், மீண்டும் விண்ணப்பிக்கும் பாரத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் கை வேலை செய்தாலும் மனம் அந்த இழுப்பறையில் இருந்தது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். தோற்றுவிட்டேன் என்பதற்காக அன்று. என் செக்கோவ் நகரில் நான் இன்னும் ஆடத் தொடங்கவே இல்லை என்பது புரிந்ததற்காக.