கப்ளர் தேடிய வாரம்

திங்கள்

திருப்பூரிலிருந்து சோமனூர் போகும் வழியில் இருக்கிறது மங்கலம். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே இயங்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பட்டறைக்கு இந்த வாரம் வந்திருப்பது அம்பாசிடர் மார்க் 2. கல்யாண வாடகைக்கு விடப் போகிறார்கள். ஹாலஜன் விளக்கு, ரேடியேட்டருக்கு மின்விசிறி, ஸ்பீக்கர், செல்போன் சார்ஜர் எல்லாம் வேண்டும் என்பது உரிமையாளரின் பட்டியல். 1962-இல் அந்த மாடல் வந்தபோது இவற்றில் பாதியை யாரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பானெட்டைத் திறந்தால் பழைய லூகாஸ் பாணி வயரிங். பருத்தி நூலால் பின்னிய உறை, வயர் முனையில் தோட்டா வடிவப் பித்தளை லக், இரண்டையும் சேர்க்கும் ரப்பர் குழாய். எட்டிப் பார்த்த பக்கத்துத் தறிக்காரர், "பின்னல் இன்னும் கெட்டியாத்தான் இருக்குதுங்" என்று சான்றிதழ் கொடுத்தார். பின்னலுக்குள் இருந்த பித்தளையில் பச்சை பூத்திருந்தது. அதைச் சரிசெய்வதாக நினைத்துப் பின்னால் வந்தவர்கள் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்கள் வழிநெடுக.

பச்சை பூத்த ஜாயின்ட் என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு எளிது. 10 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.1 ஓம் தடை ஏறினால் 1 வோல்ட் அங்கேயே தொலையும். 10 வாட் வெப்பம் சுண்டுவிரல் அளவுப் பிளாஸ்டிக்குக்குள் தங்கும். ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பல்பு டல்லாக எரிகிறது என்று பேட்டரியைக் குறை சொல்லும் வண்டிகளில் பலவற்றுக்கு வியாதி ஜாயின்ட்டில்தான்.

செவ்வாய்

பழைய ஜாயின்ட்களுக்குப் பதிலாக இனி கப்ளர்தான், அதாவது வயர் முனைகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பிளாஸ்டிக் இணைப்பு. கடையில் அதைக் கேட்பதற்கு ஊரில் ஒரு முறை உண்டு: "நாலு பின் கப்ளர் ஒண்ணு", "மாருதி கப்ளர் ஒண்ணு". கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துப் போடுவார். உள்ளே போகும் டெர்மினல் தனியாகக் கிடைக்குமா, மறுபாதி கிடைக்குமா, தண்ணீர் புகாத ரப்பர் சீல் உண்டா என்று கேட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

மங்கலத்துக்காரர் கேட்பது வேறு மாதிரி. அவர் சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. டெர்மினலின் தகடு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று அளந்த பிறகுதான் பேச்சே. கப்ளர் உலகத்தின் முகவரி அந்த அகலம்தான். ஜெனரல் மோட்டார்ஸின் பாக்கார்டு எலக்ட்ரிக் கொண்டுவந்த மெட்ரி-பேக் வரிசையில் 150, 280, 480, 630 என்றால் 1.5, 2.8, 4.8, 6.3 மில்லிமீட்டர். ஜப்பான் பாணிக் கப்ளர்களில் 090, 110, 250 என்பவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு: 2.3, 2.8, 6.3 மில்லிமீட்டர். அகலம் தெரிந்தால் ஏறக்குறைய எவ்வளவு ஆம்பியர் தாங்கும், எந்தத் தடிமன் வயர் ஏறும் என்பது பிடிபடும். வெளிப்பெட்டியின் நிறத்தையும் உருவத்தையும் வைத்துத் தேடினால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கப்ளர்கள் ஒன்றோடொன்று சேராமல் கையைக் கடிக்கும்.

இரவில் அம்பாசிடருக்கான பட்டியல் தயாரானது. ஹெட்லைட்டுக்கும் விசிறிக்கும் 6.3 மில்லிமீட்டர். சின்ன விளக்கு, ஹாரன் சுவிட்ச், மீட்டர்களுக்கு 2.3. இன்ஜின் பக்கம் போகிற எல்லாமே சீல் வைத்தது.

புதன்

கோவை உக்கடத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களில் கழற்றிப் போட்ட வயரிங் கட்டுகள் எடைக்குக் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி. அதிகம் கிடைப்பது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார் அது. வயரிங்குக்காக ஜப்பானின் சுமிடோமோவோடு மதர்சன் நிறுவனம் 1986-இல் கூட்டுச் சேர்ந்ததற்குப் பின்புலமாக இருந்ததும் மாருதிதான்.

எப்படி வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். கப்ளரை மட்டும் பிடுங்கிக் கொடுத்தால் வேண்டாம். இரண்டு பாதிகளும் சேர்ந்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் வயரோடு வெட்டிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கம்பெனி மெஷின் அமுக்கிய டெர்மினல் அப்படியே கிடைக்கும். பிறகு பெண் டெர்மினலில் ஒரு தனிப் பின்னைச் செருகி, தலைகீழாகப் பிடித்து, நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். பல வருடம் சூடேறிய செம்புக் கலவை இறுக்கத்தை இழந்திருக்கும். பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். சீல் ரப்பரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் திரும்ப எழ வேண்டும். இந்த இரண்டு சோதனைகளில் குவியலில் பாதிக்கு மேல் கழிந்தது. தேறியவை காருக்குள் டேஷ்போர்டுப் பக்கத்துக்குப் போதும். பானெட்டுக்குக் கீழே பழசு கூடாது என்பதில் எலக்ட்ரீஷியன் பிடிவாதமாக இருந்தார்.

வெள்ளி

கையால் கட்டும் கார்களுக்குக் கோவையில் பழைய சரித்திரம் உண்டு. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 இன்ஜினைப் பொருத்தி ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995-இல் அவர் மறைந்தார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீடுவே. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டியும் அங்கே நடக்கிறது.

அப்படிக் கார் கட்டும் அணியில் இருக்கும் உள்ளூர்ப் பையன் ஒருவன் இன்று பட்டறைக்கு வந்தான். பைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் இரண்டு பின் கப்ளர் ஒன்றை எடுத்தான். "டாய்ச் டிடி-ங்ணா. எங்க கார்ல எல்லாமே இதுதான்." டாய்ச் நிறுவனத்தை 2012-இல் டிஇ கனெக்டிவிட்டி வாங்கிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. டிடிஎம் என்றால் ஒரு பின்னுக்கு 7.5 ஆம்பியர், டிடி 13, டிடிபி 25. டிடி-யில் 2 பின்னிலிருந்து 12 பின் வரை ஒரே டெர்மினல். கடைசியாக ஓர் ஆப்பை அழுத்தினால்தான் டெர்மினல்கள் பூட்டிக்கொள்ளும். ஏதாவது ஒன்று சரியாக உட்காராவிட்டால் ஆப்பு உள்ளே போகாது. ஆம்பெனாலின் ஏடி வரிசையும் இதோடு சேரும் என்பதால் ஒரு கம்பெனியை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை.

விலையைக் கேட்டதும் பட்டறையில் ஒரு சின்ன அமைதி. டெர்மினலை வயரில் அமுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் கருவியின் விலை அதைவிட அதிகம். கடைந்து செய்த டெர்மினலுக்கு நாலு பக்கமும் குத்தி அமுக்கும் கருவி வேண்டும். தகட்டில் செய்த டெர்மினல் வாங்கினால் சாதாரண இறக்கைக் கிரிம்பர் போதும். எலக்ட்ரீஷியன் இரண்டாவதைத் தேர்ந்தார். இன்ஜின் பக்கத்து சென்சார்களுக்கும் விளக்குகளுக்கும் டிடி, விசிறிக்கு டிடிபி என்று பட்டியல் திருத்தப்பட்டது.

சனி

நாள் முழுக்கக் கிரிம்பிங். டெர்மினலின் முன் இறக்கைகள் செம்புக் கம்பியைக் கவ்வ வேண்டும். பின் இறக்கைகள் வயரின் மேலுறையை. ஈயம் ஊற்றினால் இன்னும் பலம் என்று உதவியாளர் நினைத்தான். ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு பட்டு இழைகள் ஒவ்வொன்றாக அறும் என்று வளைத்துக் காட்டிய பிறகு சூட்டுக்கோலை எடுத்து வைத்தான். வெள்ளீயம் பூசிய பின்னைத் தங்கம் பூசியதோடு சேர்க்கக் கூடாது என்பது அடுத்த பாடம். அதிர்வில் இரண்டும் உரசும்போது வெள்ளீயத்தின் ஆக்சைடு தங்கத்தின் மேல் படிந்து தடை ஏறிவிடும்.

மதியம் ஒரு டாடா ஏஸ், ஊர் வழக்கில் குட்டி யானை, பின்விளக்கு எரியாமல் வந்தது. சாயப் பட்டறைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றும் வண்டி. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் பிடிக்க உப்பு ஏராளமாக வேண்டும். நொய்யல் ஆற்றில் கலந்த அந்த உப்புக் கழிவுதான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை கொண்டுபோனது. வண்டித் தளத்தில் சிந்தும் உப்பு, வாட்டர் சர்வீஸில் கரைந்து நேராகப் பின்விளக்குக் கப்ளருக்குள் இறங்கியிருக்கிறது. பின் இருந்த இடத்தில் பச்சைப் பொடி மட்டும் மிச்சம்.

ஞாயிறு

அம்பாசிடரின் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஹெட்லைட் பின்னில் 13.8. உரிமையாளர் 100 வாட் பல்பு கேட்டார். இரண்டு பல்புக்கு 12 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் போகும். ஹோல்டரும் கண்ணாடியும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல என்று எலக்ட்ரீஷியன் 60/55 வாட் பல்பையே மாட்டி அனுப்பினார். பானெட்டின் உட்புறத்தில் ஓர் அட்டை ஒட்டப்பட்டது: எந்த இடத்தில் எந்த வரிசைக் கப்ளர், தகடு அகலம், வயர் நிறம். டேஷ்போர்டுப் பெட்டியில் மிச்ச டெர்மினல்களும் சீல்களும் ஒரு பொட்டலமாக.

குட்டி யானைக்காரர் காத்திருந்தார். "அந்தக் காருக்குப் போட்டதே நமக்கும் போடுங்ணா, ஆனா அவ்வளவு காசு இல்லைங்."

"எல்லா எடத்துக்கும் வேண்டாங்க. பின்லைட்டு ரெண்டு பக்கம் சீல் கப்ளர், எர்த் வயர் புதுசு. உள்ள இருக்கறது கம்பெனிதே, அது கெடக்கட்டும். உப்பு மூட்டைக்கு அடியில தார்ப்பாயை மட்டும் விரிச்சுப் போட்டுக்கங்."

தார்ப்பாய்க்கு எவ்வளவு ஆகும் என்று அவர் அடுத்து கேட்டார்.